மாட்டும்வரை

டண்டீயில் சனவரி.
மூன்றே முக்காலுக்கே இருட்டிவிட்டது.
நுண்ணோக்கி அறைக்கு எப்படியும் ஜன்னல் கிடையாது.
முப்பத்தேழு டிகிரிப் பெட்டிக்குள்
யாரோ ஒருத்தியின் மார்பிலிருந்து வந்த செல்கள்,
மூன்று நிமிடத்துக்கு ஒரு படம் என
என்னிடம் மாட்டிக்கொண்டிருக்கின்றன.
அவளுக்குப் பெயர் இல்லை. டி நாற்பத்தொன்று.

நான் தேடுவது ஒரு புரதத்தை.
காகிதத்தில் எம், ஏ, டி, பிறகு இரண்டு.
கிர்ஸ்டியின் ஃபைஃப் வாயில் அது 'மாட்டூ'.
முதல் நாள் கேட்டதும் சிரித்துவிட்டேன்.
ஏனென்று அவளுக்கு விளக்குவதற்குள்
ஒரு கோப்பைத் தேநீர் ஆறிப்போனது:
மாட்டு என்றால், கொக்கியில் மாட்டு.
இந்தப் புரதத்துக்கும் அதே கவலைதான்.

பிரியப்போகும் செல்லின் நடுவே
நாற்பத்தாறு குரோமோசோம்களும் வந்து கூடும்.
இரு முனையிலிருந்தும் நூல்கள் நீண்டு
ஒவ்வொன்றையும் இடுப்பில் பிடிக்கும்.
பிடிபடாத ஒன்று ஓரத்தில் திரிந்தால்
அதன்மேல் போய் உட்கார்ந்துகொண்டு
பச்சையாய் எரியும் மாட்டூ:
மாட்டேன், அறுக்க விடமாட்டேன்,
இன்னும் ஒருத்தர் இலைக்கு வரவில்லை.
நாற்பத்தைந்து பேர் காத்திருக்கிறார்கள்,
சோறு ஆறுகிறது,
அது அசையாது.
பதறாத காரியம் சிதறாது என்று
நம் ஆட்கள் எதைப் பார்த்துச் சொன்னார்களோ,
எனக்கு இதைப் பார்த்துத்தான் புரிந்தது.

புற்றில் இந்தக் காவல் செத்திருக்கும் என்று
இரண்டு வருடம் எழுதினேன்.
காவல் இல்லை, அதனால் அவசரம்,
அவசரத்தில் பங்கு பிசகி
ஒரு மகளுக்கு ஒன்று கூட,
ஒரு மகளுக்கு ஒன்று குறைய.
கேட்க நியாயமாக இருந்தது. நிதியும் கிடைத்தது.

டி நாற்பத்தொன்று அதைக் கெடுத்தாள்.

திரை முழுக்கப் பச்சை.
ஒரு காவலாள் போதுமான இடத்தில் ஒரு பட்டாளம்.
விளக்கைக் குறைத்தேன், மறுபடி அளந்தேன்,
எண்ணெய்த் துளியைத் துடைத்து வேறு துளி வைத்தேன்.
பச்சைதான்.

எல்லாம் மாட்டியாகிவிட்டது, நூல் விறைத்துவிட்டது,
இது மட்டும் இன்னும் பொறு, பொறு.
அரை மணி வேலைக்கு மூன்று மணி நேரம்.
நின்று நின்று அலுத்த செல்
கடைசியில் பிரியாமலே நழுவி வெளியே வந்தது,
இரண்டு பேருக்கான பங்கை
ஒரே மடியில் கட்டிக்கொண்டு.
அடுத்த சுற்றில் அது மூன்றாகக் கிழிந்ததை
மறுநாள் இரவு ஒன்று பத்துக்குப் பார்த்தேன்.

பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு என்பது
என் பள்ளிப் புத்தகத்தில் இல்லை.
பொறுத்தார் பூமி ஆள்வார், அதோடு பாடம் முடியும்.
ஆண்ட பிறகு என்ன செய்வார் என்று
எந்த டீச்சரும் கேட்கவில்லை.

காலையில் கிர்ஸ்டி வந்து,
கோட்டைக்கூடக் கழற்றாமல் பார்த்தாள்.
"அப்போ அந்த மருந்து இவளுக்கு?"
யூ மரப் பட்டையில் கண்டெடுத்த மருந்து.
நூலை இறுக்கி, செல்லைக் காக்கவைத்தே கொல்வது.
நழுவப் பழகிய ஒன்றிடம் போய்
காத்திரு என்று அது சொல்லும்.
நான் பதில் பேசவில்லை.
ஒரு தட்டு, இரண்டு இரவு,
இதை வைத்து யாருடைய சீட்டையும் மாற்றி எழுத முடியாது.
நாற்பத்திரண்டு இருக்கிறது, நாற்பத்துமூன்று இருக்கிறது.
மருத்துவமனையில் கேட்டால் பெயர் சொல்லமாட்டார்கள்.
சொல்லவும் கூடாது.
ஆனாலும் ஊகித்தேன்: பேருந்தில் ஏறும்போது
ஓட்டுநருக்கு நன்றி சொல்பவளாக இருப்பாள்,
அல்லது சொல்லாதவளாக.

கூப்பருக்குப் போகும் ரயில்
டே ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் நின்றுவிட்டது.
சிவப்பு.
எதிரே இருந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்,
பிறகு என்னை, நான் ஏதோ செய்தது போல.
மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை
கண் தானாகத் திறந்தது.
முதல் படம், சிவப்பு.
இரண்டாவது, சிவப்பு.
மூன்றாவதில் ஜன்னலில் என் மூச்சுப் புகை.
நான்காவதை எடுக்கவில்லை, தூங்கிவிட்டேன்.